பளு தூக்க ஆரம்பிக்கிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்: யாரிடம் கற்பது, எதை நம்புவது

நான் ஜிம் மாஸ்டர் கிடையாது. ஈரோட்டில் ஒரு நூல் கடையில் கணக்கு எழுதுகிறவன். 36 வயதில் பளு தூக்க ஆரம்பித்தேன், இப்போது 47. இந்தப் பதினொரு வருடத்தில் மச்சினன் பையன், கடைத் தம்பிகள், பெருந்துறை அக்கா மகள், அவளுடைய சிநேகிதிகள் என்று ஒருவர் மாற்றி ஒருவர் போன் செய்து கேட்பதெல்லாம் கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

எங்க ஜிம்முல ஒரு அண்ணன் மலை மாதிரி இருக்காரு. அவர்கிட்டயே கத்துக்கலாமுங்களா?

கற்றுக்கொள்ளலாம், ஆனால் மலை மாதிரி இருக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக வேண்டாம். சிலருக்குப் பிறவியிலேயே உடம்பு சீக்கிரம் ஏறும், எதைச் செய்தாலும் ஏறும், தப்பாகச் செய்தாலும் ஏறும். இன்னும் சிலருக்கு ஊசியால் ஏறும். 1996-ல் அமெரிக்காவில் ஒரு ஆராய்ச்சி செய்தார்கள். பத்து வாரம், நாலு குழு. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஊசி போட்டுக்கொண்டு எந்த உடற்பயிற்சியும் செய்யாமல் இருந்தவர்களுக்குச் சுமார் மூன்று கிலோ சதை கூடியது. ஊசி இல்லாமல் ஒழுங்காகப் பளு தூக்கியவர்களுக்குக் கூடியது சுமார் இரண்டு கிலோ. சும்மா உட்கார்ந்திருந்தவன் முந்திவிட்டான்! அப்புறம் உடம்பைப் பார்த்து ஒருவருடைய அறிவை எப்படி எடை போடுவது?

நான் பார்ப்பது வேறு. அவர் கையில் வளர்ந்தவர்கள் யார் என்று பார்ப்பேன். உங்களை மாதிரியே ஆரம்பித்த ஒருவர் இருக்க வேண்டும். ஒல்லியாக வந்தவரோ, தொப்பையோடு வந்தவரோ, நாற்பத்தைந்து வயதில் வந்தவரோ, அவர் இரண்டு வருடம் கழித்தும் அதே ஜிம்மில் இருக்கிறாரா, ஆரம்பித்ததைவிடக் கூடுதல் எடை தூக்குகிறாரா, முதுகும் தோளும் நல்லபடியாக இருக்கிறதா? அப்படி மூன்று பேரைக் காட்ட முடிந்தால் அந்த மாஸ்டர் நோஞ்சானாக இருந்தாலும் பரவாயில்லை, போய்ச் சேருங்கள்.

சேர்றதுக்கு முன்னாடியே மாஸ்டர் எப்படின்னு தெரிஞ்சுக்க வழி இருக்குங்களா?

இருக்கிறது, செலவும் இல்லை. சாயந்திரம் ஆறரை மணிக்கு, கூட்டம் நெரியும் நேரத்தில் போய், “சேரலாம்னு இருக்கேன், கொஞ்ச நேரம் பார்த்துட்டுப் போறேனுங்க” என்று சொல்லிவிட்டு ஒரு ஓரமாக அரை மணி நேரம் உட்காருங்கள். மாஸ்டரின் கண் எங்கே இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். போனில் இருக்கிறதா, கண்ணாடியில் தன்னையே பார்க்கிறாரா, தூக்குகிறவனைப் பார்க்கிறாரா? அந்த அரை மணி நேரத்தில் ஒருவருக்காவது எடையைக் குறைத்துப் போடச் சொன்னாரா? இதுதான் எனக்கு முக்கியமான சோதனை. எடையைக் கூட்டச் சொல்ல எந்த மாஸ்டருக்கும் வாய் வரும். “தம்பி, ரெண்டு பிளேட்டைக் கழட்டு” என்று சொல்வதற்குத்தான் தைரியமும் அக்கறையும் வேண்டும், ஏனென்றால் தம்பி முறைத்துக்கொண்டு அடுத்த மாதம் வேறு ஜிம்முக்குப் போய்விடக்கூடும்.

என் முதல் ஜிம்மின் பெயர் வேண்டாம். மூன்றாவது வாரம் என்னை டெட்லிஃப்ட் (தரையில் கிடக்கும் கம்பியைத் தூக்கி நிமிர்வது) போட வைத்துவிட்டு மாஸ்டர் போனில் ஏதோ வீடியோ பார்த்துக்கொண்டே “இன்னும் ரெண்டு, இன்னும் ரெண்டு” என்றார். என் முதுகு வில் மாதிரி வளைந்திருந்ததை அவர் பார்க்கவே இல்லை. அடுத்த இரண்டு வாரம் கடையில் முதுகுக்குப் பின்னால் தலைகாணி வைத்துக்கொண்டு கணக்கு எழுதினேன், முதலாளி சிரித்தார்.

அதற்குப் பிறகுதான் கோபி பக்கம் ஒரு பெரியவரிடம் போனேன். ஓய்வுபெற்ற டிரில் வாத்தியார், பெரியநாயக்கன்பாளையம் வித்யாலயத்தில் உடற்கல்வி படித்தவர், அப்போதே எழுபதைத் தாண்டியிருந்தார். தென்னந்தோப்புக்குள் ஒரு ஓட்டுக் கொட்டகை, இரண்டு கம்பி, கொஞ்சம் துருப்பிடித்த பிளேட். வெறும் கம்பியை மட்டும் தோளில் வைத்து உட்கார்ந்து எழச் சொன்னார். அவர் என் முகத்தையோ தோளையோ பார்க்கவில்லை. குனிந்து, நாலாக மடித்த தினத்தந்தித் தாள் ஒன்றை என் குதிகாலுக்கு அடியில் வைத்து, நான் கீழே இறங்கும்போது லேசாக இழுத்தார். தாள் உருவிக்கொண்டு வந்துவிட்டது. “ஏனுங் தம்பி, குதிகாலு எங்க போச்சு?” என்றார். அன்று முழுக்க அந்தத் தாள் வராமல் உட்கார்ந்து எழுவதுதான் பயிற்சி. முந்தைய ஜிம்மில் இரண்டு மாதத்தில் கிடைக்காதது எனக்கு அந்த இருபது நிமிடத்தில் கிடைத்தது.

சர்டிபிகேட் இருக்கானு கேக்கணுமா? மாட்டி வெச்சிருக்காங்களே, நெசமானு எப்படித் தெரியும்?

கேளுங்கள், தப்பில்லை. ஆனால் எது என்ன என்று தெரிந்துகொண்டு கேளுங்கள். பாட்டியாலாவில் இருக்கும் என்.ஐ.எஸ். விளையாட்டுப் பயிற்சியாளர்களுக்கான மத்திய அரசு நிறுவனம். அங்கே பளுதூக்குதலில் டிப்ளமோ முடித்தவர் என்றால் முழுசாகப் படித்துவிட்டு வந்தவர். அதே நிறுவனத்தின் பெயரில் ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்பும் உண்டு, அதுவும் நல்லதுதான், ஆனால் இரண்டும் ஒன்றில்லை. பி.பி.எட்., எம்.பி.எட். படித்தவர்கள் நம் ஊர்ப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியர்களாக இருப்பார்கள். நம்மில் பலர் அவர்களைக் கண்டுகொள்வதே இல்லை. உங்கள் பழைய பள்ளிக்கூடத்து பி.டி. வாத்தியாரைப் போய்ப் பாருங்கள், நேரடியாகச் சொல்லித்தராவிட்டாலும் யாரிடம் போகலாம் என்று சொல்வார்.

கோவை நேரு ஸ்டேடியம், ஈரோடு வ.உ.சி. பூங்கா மைதானம் மாதிரி இடங்களில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் மாவட்ட அலுவலர்கள் இருக்கிறார்கள். அந்த அலுவலகத்துக்குள் போய்ப் பளுதூக்குதலுக்கு யார் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கலாம். கூச்சப்பட வேண்டாம், அதற்குத்தான் அவர்கள் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்.

சனி, ஞாயிறு இரண்டு நாள் வகுப்பில் வாங்கிய சான்றிதழைத் தங்கநிற ஃபிரேம் போட்டு மாட்டியிருந்தால் ஃபிரேம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

தேகப்பயிற்சி சாலை, கர்லாக்கட்டை எல்லாம் சொல்றாங்களே, அந்தக் கால ஆசான்கள்கிட்ட போறது நல்லதா?

இந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கும். கோவையில் இது ரொம்பப் பழைய கதை. சினிமா எடுத்த சாண்டோ சின்னப்பா தேவர் கோவை ராமநாதபுரத்துக்காரர், மில்லில் வேலை பார்த்துக்கொண்டே உடம்பை வளர்த்தவர். அவருடைய பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்ட ‘சாண்டோ’, ஐரோப்பாவில் பலசாலி வித்தை காட்டிப் பேர் வாங்கிய யூஜின் சாண்டோவின் பெயர். ஜெர்மன்காரர் ஒருவரின் பெயர் கோவையில் பட்டமாகிவிட்டது! அந்தக் காலத்து ஆட்கள் வெளியூர் வித்தையையும் தண்டால், பஸ்கியையும் சேர்த்துக்கொண்டதில் எந்தத் தயக்கமும் காட்டவில்லை. நம்முடையதா அவர்களுடையதா என்ற சண்டையெல்லாம் இப்போது வந்ததுதான்.

பழைய ஆசான்களிடம் இருப்பது கண். ஆயிரம் பையன்கள் குந்தி எழுவதைப் பார்த்த கண். அதை எந்தப் பாடமும் கொடுக்காது. பொறுமையும் அவர்களிடம்தான் இருக்கிறது. “ஆறு மாசம் இதையே பண்ணு” என்பார்கள், புதுசாக ஏதாவது காட்டி உங்களைக் குஷிப்படுத்த மாட்டார்கள். சறுக்கும் இடமும் உண்டு. பயிற்சிக்கு நடுவே தண்ணீர் குடிக்காதே என்பார்கள், நம் ஊர் சித்திரை வெயிலில் அதைக் கேட்காதீர்கள். பதினைந்து வயதுப் பையன் பளு தூக்கினால் வளர்த்தி நின்றுவிடும் என்பார்கள், அதற்கு ஆதாரம் கிடையாது, பக்கத்தில் தெரிந்தவர் நின்று அளவாகச் செய்தால் சிறுவர்களுக்கும் நல்லதுதான். என் டிரில் வாத்தியாரும் வியர்வை காயும் முன் தண்ணீர் கூடாது என்ற கட்சிதான். நான் கொட்டகைக்குப் பின்னால் போய்க் குடித்துவிட்டு வருவேன். அவருக்கும் தெரியும்.

யூடியூப் பார்த்தே கத்துக்கிட்டா என்ன?

பாதி கற்றுக்கொள்ளலாம். ஒரு பயிற்சி எப்படி இருக்க வேண்டும் என்பதை வீடியோ நன்றாகவே காட்டும். உங்களுடையது எப்படி இருக்கிறது என்று வீடியோவுக்குத் தெரியாது. அதனால் உங்களையே வீடியோ எடுங்கள். போனைத் தரையில் சாய்த்து வைக்காதீர்கள், அந்தக் கோணத்தில் எல்லோருடைய ஸ்குவாட்டும் (கம்பியைத் தோளில் வைத்துக் குந்தி எழுவது) ஆழமாகத்தான் தெரியும். இடுப்பு உயரத்தில், கொஞ்சம் பக்கவாட்டில் இருந்து எடுத்து அன்று ராத்திரியே பாருங்கள். முதல் தடவை பார்க்கும்போது வெட்கமாக இருக்கும்.

யாரைப் பார்ப்பது என்று கேட்டால், நான் சேனல் பெயர் சொல்வதில்லை, ஏனென்றால் இன்று நல்லவராக இருப்பவர் நாளைக்கு புரதப் பவுடர் விற்பார். பேச்சை வைத்துக் கண்டுபிடிக்கலாம். “பொதுவாக இப்படி, ஆனா சிலருக்கு மாறும்” என்கிறவர் பரவாயில்லை. “இந்த ஒரு பயிற்சியை நிறுத்துங்க, இல்லைன்னா முட்டி காலி” என்று முகத்தைப் பயமாக வைத்துக்கொண்டு படம் போடுகிறவர் உங்கள் பயத்தை வைத்துப் பிழைக்கிறார். தசையைக் குழப்ப வேண்டும், வாரா வாரம் பயிற்சியை மாற்ற வேண்டும் என்பவரையும் விட்டுவிடுங்கள். தசைக்குக் குழப்பமெல்லாம் வராது, வாரா வாரம் வீடியோ போட வேண்டிய கட்டாயம் அவருக்குத்தான்.

ஆராய்ச்சி சொல்லுதுனு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எதைத்தான் நம்பறது?

ஒரே ஒரு ஆராய்ச்சியைக் காட்டி யாராவது அடித்துப் பேசினால் மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை பேர், எத்தனை வாரம், அவர்கள் புதியவர்களா பழக்கப்பட்டவர்களா? பன்னிரண்டு கல்லூரிப் பையன்களை வைத்து ஆறு வாரம் செய்ததை 50 வயது விசைத்தறிக்காரருக்கு அப்படியே பொருத்த முடியாது. புதிதாக ஆரம்பிக்கிறவனுக்கு முதல் சில வாரங்களில் எதைச் செய்தாலும் பலம் கூடும், ஏனென்றால் சதை வளர்வதற்கு முன்பே நரம்புகள் இருக்கிற சதையை நன்றாக வேலை வாங்கக் கற்றுக்கொள்கின்றன. அதனால்தான் புதியவர்களை வைத்துச் செய்த எல்லா ஆராய்ச்சியிலும் எல்லா முறையும் ஜெயித்த மாதிரி தெரியும்.

பல ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்துச் சொல்வதற்குக் கொஞ்சம் கூடுதல் காது கொடுக்கலாம். புரதத்தைப் பற்றி 2018-ல் 49 ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பளு தூக்குகிறவருக்கு உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 1.6 கிராம் வரை பலன் கூடுகிறது, அதற்கு மேல் சராசரியில் பெரிதாக ஒன்றும் கூடவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது இரண்டு நாளாவது எல்லாப் பெரிய தசைகளுக்கும் வலுவூட்டும் பயிற்சி செய்யச் சொல்லியிருக்கிறது. எடையைச் சிறுகச் சிறுக ஏற்ற வேண்டும், தூக்கம் வேண்டும், நடுவில் ஓய்வு நாள் வேண்டும். இதில் யாருக்கும் பெரிய சண்டை இல்லை. முதல் வருடத்துக்கு இவ்வளவு போதும். மிச்சச் சண்டைகள் எல்லாம் ஏற்கெனவே பலமாக இருப்பவன் இன்னும் இரண்டு சதவீதம் எப்படி ஏறுவது என்பதற்கான சண்டைகள், நமக்கு அங்கே வேலை இல்லை.

ஸ்குவாட் போடறப்ப முட்டி கால்விரலைத் தாண்டக் கூடாதுனு எங்க மாஸ்டர் சொல்றாரு, இன்னொருத்தர் தாண்டலாம்ங்கறாரு. ரெண்டு பேருமே அனுபவசாலிங்க.

இதை 2003-ல் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். முட்டிக்கு முன்னால் ஒரு தடுப்பை வைத்து, விரலைத் தாண்ட விடாமல் ஸ்குவாட் போட வைத்தார்கள். முட்டியில் விழும் பாரம் கொஞ்சம் குறைந்தது. ஆனால் ஆள் முன்னால் சாய வேண்டி வந்ததால் இடுப்பில் விழும் பாரம் பல மடங்கு ஏறிவிட்டது. ஒன்றைக் காப்பாற்றப் போய் இன்னொன்றின் தலையில் கட்டுகிற கதை.

தொடை எலும்பு நீளமாக இருப்பவருக்கு முட்டி முன்னால் போகாமல் ஆழமாக உட்காரவே முடியாது. குட்டையான தொடைக்காரருக்கு அது பிரச்சினையே இல்லை. இரண்டு அனுபவசாலிகளும் அவரவர் உடம்பில் பார்த்ததைச் சொல்கிறார்கள். உங்கள் மாஸ்டரிடம் பணிவாக, “எனக்கு இப்படிப் போட்டா முதுகு முன்னாடி விழுதுங்க, கொஞ்சம் பாருங்க” என்று கேளுங்கள். பார்த்துவிட்டு மாற்றிச் சொன்னால் நல்ல மாஸ்டர். “நான் சொன்னதைப் பண்ணு” என்று மட்டும் சொன்னால் அவரிடம் ஒரே ஒரு பாட்டுதான் இருக்கிறது.

நோட்டு போடு, நோட்டு போடுனு சொல்றீங்களே மாமா, எதுக்கு? மனசுலயே ஞாபகம் இருக்குமே?

இருக்காது கண்ணு. கணக்குக்காரன் சொல்கிறேன், நம்பு.

நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, பயிற்சி, எடை, எத்தனை தடவை, எத்தனை செட், ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினேன், எங்காவது வலித்ததா. என் பழைய நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: “செவ்வாய். ஸ்குவாட் 50, 5-5-5. மூணாவது செட்ல கடைசி ரெண்டு கஷ்டம். தூக்கம் 5 மணி, கடைல ஸ்டாக் எடுப்பு. இடது முட்டி கொஞ்சம்.” (அதாவது 50 கிலோ, ஐந்து ஐந்து தடவையாக மூன்று செட்.) அடுத்த பக்கம்: “வெள்ளி. 50, 5-5-5, லேசா இருந்துச்சு. தூக்கம் 8.” இந்த இரண்டு பக்கத்தை வாத்தியாரிடம் காட்டியபோது அவர் பயிற்சியைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. “ஸ்டாக் எடுக்கற வாரத்துல வராதீங்” என்றார்.

நோட்டு இல்லாமல் எவ்வளவு பெரிய நிபுணரிடம் போனாலும் அவர் பொதுவான பதில்தான் சொல்ல முடியும். நோட்டு இருந்தால் சுமாரான மாஸ்டரும் உருப்படியாக ஏதாவது சொல்வார். மாஸ்டர் சொன்னது பலிக்கிறதா இல்லையா என்பதும் அதில்தான் தெரியும். மூன்று மாதமாக எடையும் ஏறவில்லை, தடவையும் ஏறவில்லை என்று நோட்டு சொன்னால் அவருடைய பேச்சு எவ்வளவு இனிப்பாக இருந்தாலும் ஏதோ சரியில்லை.

இதில் ஒரு கூத்து. நம் பக்கம் ஜிம் பிளேட்டுகள் நிறைய உள்ளூர் ஃபவுண்டரியில் வார்த்து வாங்குவதுதான். இரண்டாவதாகச் சேர்ந்த ஜிம்மில் திடீரென்று என் பெஞ்ச் பிரஸ் (படுத்துக்கொண்டு கம்பியை மார்புக்கு மேல் தள்ளுவது) மளமளவென்று ஏறியது, எனக்கு ஒரே பெருமை. சந்தேகம் வந்து இரண்டு பிளேட்டைக் கேட்டு வாங்கி, தெரிந்தவருடைய மண்டித் தராசில் வைத்தேன். 20 என்று பொறித்தது ஒன்று 18 கிலோ 400, இன்னொன்று 19 கிலோ 100. கம்பியையும் விடவில்லை. போட்டிக்கான கம்பி ஆண்களுக்கு 20 கிலோ, பெண்களுக்கு 15 கிலோ என்று கணக்கு, ஆனால் அந்தக் கம்பி வெறும் 11 கிலோதான். மஞ்சள் எடை போட வந்த விவசாயி ஒருவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். எடை குறைவாக இருந்தால் குடி முழுகிப் போகாது, அதே பிளேட்டையே எப்போதும் போட்டால் போதும். ஜிம் மாறும்போதுதான் குழப்பம்.

மாஸ்டரே பவுடர் விக்கறாரு. வாங்கலைன்னா கண்டுக்க மாட்டேங்கறாரு.

அப்படியென்றால் அவர் கடைக்காரர். கடைக்காரரிடம் வாங்குவதும் வாங்காததும் நம் இஷ்டம்.

கணக்கைப் பார்ப்போம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஐதராபாத் நிறுவனம் சாதாரண ஆளுக்குக் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்கிறது. 60 கிலோ ஆளுக்கு 50 கிராம். பளு தூக்குகிறவர் நான் மேலே சொன்ன 1.6-ஐ வைத்தால் 96 கிராம். நாமக்கல் முட்டை ஒன்றில் சுமார் 6 கிராம், நாலு முட்டை 24. ஐம்பது கிராம் கொள்ளில் சுமார் 11. ஐம்பது கிராம் சோயா உருண்டையில் சுமார் 26. அரிசிம்பருப்புச் சாதம், தயிர், பால், கடலை என்று வீட்டில் எப்படியும் சாப்பிடுவதையும் சேர்த்தால் பவுடர் இல்லாமலே பக்கத்தில் வந்துவிடுவோம். கறி சாப்பிடுகிறவருக்கு இன்னும் சுலபம். பவுடர் பாவமில்லை, அது பால் புரதம்தான், சமைக்க நேரமில்லாதவருக்கு உதவும். வாங்கினால் டப்பாவில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் 14 இலக்கம் இருக்கிறதா பாருங்கள், பில் கேளுங்கள், பிரித்த டப்பாவில் இருந்து கவரில் அள்ளிப் போட்டுக் கொடுத்தால் வாங்காதீர்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டவே கூடாது.

“ஒரே ஒரு கோர்ஸ் போடு, மூணு மாசத்துல ஆளே மாறிடுவே”ன்னு சொல்றாங்கண்ணா.

‘கோர்ஸ்’ என்று அவர்கள் சொல்வது ஹார்மோன் ஊசியை. அந்த ஜிம்மை விட்டு அன்றைக்கே வந்துவிடுங்கள், கட்டிய காசு போனாலும் போகட்டும். வெளியில் இருந்து ஹார்மோன் வந்தால் உடம்பு தானாகச் சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும், விந்தணு உற்பத்தி விழும், இதயத் தசை தடிக்கும், ரத்தக் கொழுப்பு கெடும். இதெல்லாம் டாக்டர் சீட்டு இருந்தால் மட்டும் விற்க வேண்டிய மருந்துகள். ஜிம் டிராயரில் இருந்து எடுத்துக் கொடுக்கிறவருக்கு ஊசியில் என்ன இருக்கிறது என்றே தெரியாது. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும் வயதில் இதைச் செய்துவிட்டு, பிறகு குழந்தை இல்லை என்று கோவைக்கும் ஈரோட்டுக்கும் அலைகிறவர்களை எனக்குத் தெரியும்.

பொண்ணுங்க யார்கிட்ட கேக்கறது? எங்க ஊர் ஜிம்முல லேடீஸ் டைம் பதினொண்ணுல இருந்து ஒண்ணு, மாஸ்டரும் இருக்க மாட்டாரு.

இது என் அக்கா மகள் கேட்டது. அவள் செய்ததையே எழுதுகிறேன். பெருந்துறையில் அவளுடன் வேலை பார்க்கும் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டாள். நாலு பேரும் சேர்ந்து ஜிம் உரிமையாளரிடம் போய், வாரத்தில் மூன்று நாள் காலையில் ஒரு மணி நேரம் மாஸ்டர் இருக்க வேண்டும், நாலு பேரும் மூன்று மாதக் காசை ஒன்றாகக் கட்டுகிறோம் என்று பேசினார்கள். தனியாகக் கேட்டபோது முடியாது என்றவர், நாலு பேர் காசைப் பார்த்ததும் ஒத்துக்கொண்டார். இப்போது ஒருத்தி தூக்கும்போது இன்னொருத்தி வீடியோ எடுக்கிறாள். அவர்களுக்குள்ளேயே ஒரு கண் வளர்ந்துவிட்டது.

பளு தூக்கினால் ஆம்பிளை மாதிரி ஆகிவிடுவாய் என்று சொல்கிறவர்களுக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டாம், பெண்கள் உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் அவ்வளவு கிடையாது. மாஸ்டர் தொட்டுத் திருத்தும் முன் கேட்கிறாரா என்று பாருங்கள். கேட்காதவரிடம் இரண்டாவது நாள் போக வேண்டாம், காரணமும் சொல்ல வேண்டியதில்லை. கோவையில் எண்பது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி, பேரன்கள் பளு தூக்குவதைப் பார்த்துத் தானும் ஆரம்பித்து, 2024-ல் போட்டியிலேயே கலந்துகொண்டார். அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் அவருடைய பேரன்கள்தான். குரு நம்மைவிட வயதில் மூத்தவராக இருக்க வேண்டும் என்ற சட்டமெல்லாம் இல்லை.

அப்பாவுக்கு 62, சர்க்கரை இருக்கு. அவரும் பண்ணலாமா?

பண்ணலாம், பண்ணுவது நல்லதும்கூட. தசை வேலை செய்தால் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். முதலில் அவருடைய டாக்டரைப் பாருங்கள். இன்சுலின் போடுகிறவர் என்றால் பயிற்சியின்போது சர்க்கரை திடீரென்று இறங்கலாம். அப்புறம் ஜிம் மாஸ்டரைவிட பிசியோதெரபிஸ்டிடம் நாலைந்து தடவை போவது நல்லது. மூச்சை அடக்கித் தம் கட்டித் தூக்க விடாதீர்கள், ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுவதில் ஆரம்பிக்கலாம்.

திருப்பூர்ல பனியன் கம்பெனி வேலை, காலைல எட்டரைக்குப் போனா ராத்திரி எட்டரை. எங்கீங்க நேரம்?

ஞாயிறும் புதனும். இரண்டு நாள் போதும், நாற்பது நிமிடம். ஒரு ஸ்குவாட், ஒரு தள்ளுவது, ஒரு இழுப்பது. வாரம் ஆறு நாள் அட்டவணை போட்டுக் கொடுக்கிற மாஸ்டர் உங்களிடம் வேலை நேரத்தைக் கேட்கவே இல்லை என்று அர்த்தம்.

எந்த வலி நல்ல வலி, எது கெட்ட வலி? யாரைக் கேக்கறது?

அடுத்த நாள், அதற்கடுத்த நாள் சதை முழுக்க மந்தமாக வலித்து மூன்று நாளில் போய்விட்டால் அது பழகாத உடம்பு. ஒரு விரலை வைத்து ‘இங்கேதான்’ என்று காட்ட முடிகிற குத்தல், மூட்டுக்குள் வலி, கை கால் மரத்துப் போவது, காலுக்குள் மின்சாரம் மாதிரி இறங்குவது, இதற்கெல்லாம் டாக்டர் அல்லது பிசியோதெரபிஸ்ட். எண்ணெய் போட்டு நீவி விடுகிறவரிடம் போவதற்கு முன்னால் போங்கள், பின்னால் போகாதீர்கள்.

ஒன்றை மட்டும் எல்லோருக்கும் சொல்கிறேன். முதல் நாளே உசுப்பேற்றி நூறு, இருநூறு என்று பஸ்கி போட வைத்து, இரண்டு நாளில் தொடை கல்லாக வீங்கி, சிறுநீர் பால் விடாத டீ நிறத்தில் போனால் வீட்டில் படுத்திருக்காதீர்கள். சதை உடைந்து அதன் சரக்கு சிறுநீரகத்தை அடைக்கிற நிலைமை அது. நேராக ஆஸ்பத்திரி. முதல் நாளிலேயே உங்களை வாந்தி எடுக்க வைத்துவிட்டுச் சிரிக்கிற மாஸ்டருக்கு இது தெரியாது.

பெரிய ஆளுங்ககிட்ட எப்படிக் கேக்கறது? கேட்டா பதிலே சொல்ல மாட்டேங்கறாங்க.

நீங்கள் எப்போது கேட்டீர்கள்? அவர் கம்பிக்கு அடியில் இருக்கும்போதா? அவர் முடித்து, வியர்வை துடைத்து, பிளேட்டைக் கழற்றும்போது போய் இரண்டு பிளேட்டை நீங்கள் எடுத்து வையுங்கள். அதன் பிறகு ஒரே ஒரு கேள்வி. “உடம்பு ஏத்த என்ன பண்ணணும்” என்று கேட்டால் அவர் என்னதான் சொல்வார்? “அஞ்சு வாரமா 50-லயே நிக்குதுங்க, மூணாவது செட்ல குதிகால் தூக்குது, இதோ வீடியோ” என்று கேளுங்கள். அவர் தானாகவே உட்கார்ந்து பேசுவார், நிறுத்துவதுதான் கஷ்டம்.

பிறகு, அவர் சொன்னதை ஆறு வாரம் செய்யுங்கள். அதே வாரத்தில் இன்னொருவரிடம் போய் அதே கேள்வியைக் கேட்காதீர்கள், ஜிம் சின்ன ஊர், காதுக்குப் போய்விடும். ஆறு வாரம் கழித்துத் திரும்பப் போய், பலித்தாலும் பலிக்காவிட்டாலும் என்ன ஆனது என்று சொல்லுங்கள். கேட்டுவிட்டு அப்படியே காணாமல் போகிறவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் அவர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

மாஸ்டரை மாத்தணும், ஆனா மனசு சங்கடமா இருக்கு.

ஒரு கிலோ மைசூர்பா வாங்கிக்கொண்டு போய், “வேலை நேரம் மாறிடுச்சுங்க” என்று சொல்லிவிட்டு வாருங்கள். நம் ஊரில் இதைவிட நல்ல வழி இல்லை.

அப்ப நீங்களே எனக்குச் சொல்லித் தரலாமே மாமா?

என்னால் உன் குதிகாலைப் பார்த்துச் சொல்ல முடியும், அதற்கு மேல் தெரியாது. ஞாயிறு காலை ஆறரைக்கு வ.உ.சி. பூங்கா பக்கம் வா. எட்டு மணிக்கு நான் கறிக்கடைக்குப் போக வேண்டும். நோட்டை எடுத்துக்கொண்டு வா, ஒரு பழைய தினத்தந்தியும்.